பெரிய மாமாவின் நெய்மீனும் ஆக்ஸிலேட்டர் கோளாறும்

கொயிலாண்டி,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய பெரிய மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலியும் மாமியின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உப்பா, உம்மா, நான், எங்கள் டீசல் வேன் ஆகிய நால்வரும் நலம். நால்வரில் கடைசியாகச் சொன்னவரின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "பீரானே, இன்னொரு தடவை மலையில வண்டி நின்னு நீ லேட்டா வந்தா, சாவியைக் குடுத்துட்டு என் மிளகுக் கடையில வந்து உட்காரு" என்று உப்பாவிடம் சொன்னீர்கள். உப்பாவும் தலையாட்டிவிட்டார். மாமா, உப்பாவுக்கு உட்காரவே தெரியாது. சோறுகூட நடந்துகொண்டே சாப்பிடுவார். காலையில் கரைக்கு வந்த மீனை மதியத்துக்குள் வைத்திரிக்குக் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் என்ன மிதித்தாலும் வேன் நத்தையாகிவிடுகிறது. பின்னால் வரும் பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "பீரானிக்கா, மீனை இறக்கிவிடுங்க, அதுங்க நீந்தியாவது ஏறட்டும்!" என்று கத்துகிறார். சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நத்தை. ஆனால் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஓணத்துப் பந்தய வள்ளம் மாதிரிப் பாய்கிறது. மெக்கானிக் சுகுமாரேட்டன் பெடலை மாற்றினார், டீசல் வடிகட்டியை மாற்றினார், கடைசியில் தொப்பியை மாற்றி வைத்துக்கொண்டு, "மோளே, என்னைக் கண்டா மட்டும் இது நல்ல பிள்ளையாயிடுதே!" என்று நொந்துகொண்டார்.

நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். இந்த வேனில் பெடலுக்கும் என்ஜினுக்கும் இடையில் இழுகம்பி கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, இரண்டும் "இவ்வளவு மிதித்தார்" என்று ஒயர் வழியே சாட்சி சொல்கின்றன. சாட்சிகள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால், வண்டியின் கம்ப்யூட்டர் இருவரையும் நம்பாமல் வேகத்தைக் குறைத்துவிடும். அப்படியானால் யாரோ சாட்சியைக் கலைக்கிறார்கள்! கல்பற்றா, மானந்தவாடி போகும் நாள்களில் இதே மலையில் கலையாத சாட்சி, வைத்திரிக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, வரும் நாளில் மட்டும் கலைவானேன்? அந்த நாளில் மட்டும் வண்டியில் கூடுதலாக என்ன இருக்கிறது? மன்னிக்கவும் மாமா, உங்கள் மீன்தான்.

விற்கிற மீனெல்லாம் பின்னால் பெட்டியில் வரும். உங்கள் நெய்மீன் மட்டும் ஐஸோடு பையில் முன்னால், உப்பாவின் காலடியில் வரும். அடிவாரம் வரும்போது ஐஸ் உருகும். உப்புத் தண்ணீர் ரப்பர் விரிப்புக்கு அடியில் இறங்கும். அங்கேதான் பெடல் ஒயர் ஓடுகிறது. எப்போதோ எலி கடித்து யாரோ டேப் சுற்றிய இடம் அது. பட்டறைக்குப் போவதற்குள் காய்ந்துவிடுகிறது.

சோதித்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை உங்கள் பையைப் பின்னால் வைத்தேன். வேன் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஏறியது. சீக்கிரமே வந்துவிட்டோம். நீங்கள் குளித்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி முன்னால் வைத்தேன். மூன்றாவது வளைவில் நத்தை. உப்பா என்னைப் பார்த்த பார்வை! "வேணும்னே நிறுத்திட்டியாடீ?" "அறிவியல் உப்பா." "அறிவியலை இறங்கித் தள்ளச் சொல்லு." அன்று நீங்கள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தாமதத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நாங்களாக வரவழைத்தது.

சுகுமாரேட்டன் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். புது ஒயர் வரும்வரை உங்கள் மீன் பின்னால்தான் வரும். இன்று உங்கள் மகள் ஆயிஷா இத்தாத்தாவைப் பெண் பார்க்க வருபவர்களின் மதியச் சாப்பாட்டுக்கு நெய்மீன் நேரத்துக்கு வந்துசேரும். உப்பா ஒருநாளும் மோசமான ஓட்டுநர் அல்ல. சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

மாமிக்கு என் ஸலாம். இத்தாத்தாவுக்கு நல்ல இடம் அமைய துஆ செய்கிறேன்.

அன்பு மருமகள்,
ஷாதியா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். உப்பா ஹாரன் அடிக்கிறார். இப்போதுதான் பார்த்தேன், உம்மா பையைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார். "என் கூடப்பிறந்த காக்கா வீட்டு மீனை விக்கிற மீனோட வைக்கிறதா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்கிறார். சாட்சிகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன். "உன் சாட்சியெல்லாம் எனக்கு வேணாம், காக்காதான் வேணும்" என்கிறார். உப்பா மறுபடி ஹாரன் அடிக்கிறார். ஆகவே மாமா, இதே வேனில் வரும் இந்தக் கடிதம் மதியத்துக்கு முன் வந்தால் எங்கள் உப்பா மாதிரி ஓட்டுநர் மலபாரிலேயே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிந்தி வந்தால் என் கண்டுபிடிப்பு சரி என்று தெரிந்துகொள்ளுங்கள். எப்படியானாலும் பெருமை எங்கள் வீட்டுக்குத்தான்.