வீட்டுப் பயிற்சி நோட்டும் என் இடது கையும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்களை நம்பிக் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருப்பவர்களும் அவ்வாறே இருக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒரு வரி போடாதவன் திடீரென்று கடிதம் போடுகிறானே, என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று தாங்கள் நினைப்பீர்கள். சரியாகத்தான் நினைக்கிறீர்கள். போனில் பேசினால் தங்கள் தங்கையின் காதில் விழும், அதனால்தான் கடிதம். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டால் மரியாதையாக இருக்காது, ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் மருமகள் இப்போது மூன்றாம் வகுப்பு. கெட்டிக்காரிதான், ஆனால் கையெழுத்து மட்டும் வாய்க்கவில்லை. எழுத்துகள் வரியில் நிற்காமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வகுப்பு டீச்சர் பதில் சொல்வார் என்று பார்த்தால், கழுத்தில் விசிலோடு விளையாட்டு டீச்சர் எழுந்து வந்தார். எழுத்து விரலில் ஆரம்பிப்பதில்லையாம், தோளில் ஆரம்பிக்கிறதாம். தோளும் முதுகும் மணிக்கட்டும் பலப்பட்டால்தான் பென்சில் சொன்னபடி கேட்குமாம். தினமும் வீட்டில் பத்து நிமிஷம் குழந்தை கம்பியில் தொங்க வேண்டும், சுவரைத் தள்ள வேண்டும், தவழ வேண்டும், துணிக் கிளிப்பை விரலால் அமுக்க வேண்டும், அதற்குப் பிறகு பத்து வரி எழுத வேண்டும். "எழுத்து வரலைன்னா எழுதத்தானே சொல்லணும், தொங்கச் சொல்றீங்களே டீச்சர்?" என்று கேட்டேன். "நீங்க எழுதும்போது உங்க தோளைத் தொட்டுப் பாருங்க சார், அதுவும் வேலை செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பாடம் எடுக்கிறார்! அசடு வழிய உட்கார்ந்தேன். ஆளுக்கொரு நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இடப்பக்கம் என்னென்ன பயிற்சி எத்தனை நொடி என்று பெற்றோர் குறிக்க வேண்டும், வலப்பக்கம் குழந்தை எழுத வேண்டும், கீழே கையொப்பம்.

முதல் நாள் நான் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன் மச்சான், அதை மட்டும் நம்புங்கள். கதவு நிலையில் மாட்டுகிற கம்பி ஒன்று வாங்கி வந்து, குழந்தை தொங்குவதற்கு முன் பாரம் தாங்குமா என்று நானே தொங்கிப் பார்த்தேன். கம்பி தாங்கியது. நிலைதான் தாங்கவில்லை. காரையெல்லாம் பெயர்ந்து கீழே விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து வீட்டு ஓனர் ஓடிவந்துவிட்டார். அவர் சுவரைப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பயிற்சியை விடக்கூடாது என்று தங்கள் மருமகள் அவர் சட்டையின் முதுகில் ஆறு துணிக் கிளிப்பை மாட்டியிருக்கிறாள். அந்த மனிதர் அதோடு தெருமுனை வரைக்கும் போய், பேப்பர் வாங்கிக்கொண்டு, நாலு பேரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அன்றோடு உடற்பயிற்சிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் நோட்டு இருக்கிறதே! வெற்று நோட்டை எப்படி அனுப்புவது? என் உத்தியோகம் தங்களுக்குத் தெரியும். குடிநீர் ஆபீஸில் மீட்டர் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. வீடு பூட்டியிருந்தால் போன மூன்று மாதச் சராசரியைப் போட்டு எழுதிவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கணக்கில் இந்த வீட்டையும் பூட்டின வீடாக எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கான பயிற்சியை ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். திங்கள் தொங்கல் பத்து நொடி, செவ்வாய் பன்னிரண்டு, புதன் ஒன்பது. ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் வரும், நடுவில் ஒருநாள் இறங்க வேண்டும், அதுதான் தொழில் சுத்தம். ஒருநாள் நீலப் பேனா, ஒருநாள் மொட்டைப் பென்சில், வியாழக்கிழமை மீது ஒரு சொட்டு டீ. பார்ப்பவர்கள் தினமும் எழுதியது என்று சத்தியம் செய்வார்கள்.

வலப்பக்கம்தான் தகராறு. தங்கள் மருமகளை உட்கார வைத்தால் நாலு வரியில் கொட்டாவி வந்துவிடுகிறது. ஒருநாள் மிச்ச ஆறு வரியை நானே போட்டுவிடலாம் என்று பார்த்தேன், என் எழுத்துதான் ஊரறிந்த முத்தாயிற்றே, காட்டிக்கொடுத்துவிடும். இடது கையால் எழுதினேன். அப்படியே அச்சு அசலாக அவள் எழுத்து! அன்றிலிருந்து பத்து வரியும் என் இடது கைதான். மச்சான், இதில் ஒரு விஷயம். வாராவாரம் எழுத எழுத என் இடது கை தேறிவிட்டது. ஆறாவது வாரம் எழுத்தெல்லாம் வரியில் நின்றது. நோட்டில் டீச்சர் "வியக்கத்தக்க முன்னேற்றம்" என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் என் எழுத்தை ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஓடிப்போய்த் தங்கள் தங்கையிடம் காட்டினேன். "வெக்கமா இல்ல? பத்து நிமிஷம் அவளை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறதுக்குச் சோம்பல்பட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து பொய் எழுதுறீங்களே!" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவளுக்குக் கலை உணர்ச்சி கொஞ்சம் கம்மி, அண்ணனாகிய தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் மகன் அதே வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் அந்த ஆள், "எங்க பையன் ஒண்ணரை நிமிஷம் தொங்குறான் சார், உங்க பொண்ணு?" என்று கேட்டார். அந்தப் பையன் மாடிப்படி ஏறினாலே ரெண்டு தடவை உட்கார்ந்து ஏறுவான், எனக்குத் தெரியாதா? ஆனால் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அடுத்த வாரம் நான் இரண்டு நிமிஷம் போட்டேன். அவர் இரண்டரை போட்டார். நான் மூன்று போட்டு, கூடவே தவழ்தல் நாற்பது சுற்று சேர்த்தேன். அவர் சுவர் தள்ளுவதை ஏற்றினார். இப்படியே போய், போன மாசக் கடைசியில் தங்கள் மருமகள் நோட்டின்படி கம்பியில் நாலு நிமிஷம் பத்து நொடி தொங்கியிருக்கிறாள். தாங்கள் எலும்பு டாக்டர். எட்டு வயசுக் குழந்தை அவ்வளவு நேரம் தொங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதும்போது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

நடுவில் ஒருமுறை விளையாட்டு டீச்சர் வாசலில் நிறுத்தி, "வீட்டுல இவ்ளோ அழகா எழுதுறா, கிளாஸ்ல மட்டும் ஏன் சார் பழைய மாதிரியே இருக்கு?" என்று கேட்டார். "வீட்டில் வெளிச்சம் அதிகம், மேஜையும் நல்ல மேஜை" என்றேன். "அப்படியா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் பாருங்கள், இவர்களிடம்தான் நம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோம்.

இப்போது வந்திருக்கிறது வினை. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி மைதானத்தில் செயல்விளக்க நாளாம். நோட்டில் அதிகம் சாதித்த மூன்று குடும்பங்களை எல்லோர் முன்னாலும் அழைத்துச் செய்து காட்டச் சொல்லப் போகிறார்களாம். முதலில் கம்பி, பிறகு கரும்பலகையில் பத்து வரி. முதல் இடம் நாங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவளை, "வாம்மா, கொஞ்சம் தொங்கிப் பழகலாம்" என்று கூப்பிட்டேன். "எதுக்குப்பா? அதான் நோட்டுல பண்ணியாச்சே" என்று சொல்லிவிட்டுக் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் மானம் கப்பலேறுவதைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை மச்சான், ஆபீஸில் அது பாதி ஏறியாகிவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் அந்தக் குழந்தை கம்பியைப் பிடித்து, பத்து நொடியில் கை நழுவிக் கீழே நிற்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கூட்டத்தில் என்னைத் தேடுவாள். நான் அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அதனால தயவுபண்ணி, குழந்தைக்கு மணிக்கட்டு பிசகியிருக்கு, மூணு வாரம் தொங்கவோ எழுதவோ கூடாதுன்னு உங்க லெட்டர்பேடில் ஒரு சர்டிபிகேட் எழுதி, காதும் காதும் வச்ச மாதிரி வியாழக்கிழமைக்குள்ள ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பிடுங்க. உங்க தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். தப்புதான், எனக்குத் தெரியுது. ஆனா இந்த வீட்டுல என்னைக் காப்பாத்த வேற யாரு இருக்கா?

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, தங்கள் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு என் விசாரிப்பு. தங்கள் கை தொட்ட எலும்பெல்லாம் கூடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: வலது கை என்று மறக்காமல் எழுதவும். இடது கை என்று போட்டுவிடாதீர்கள், அது என்னுடையது.

இன்னொரு பி.கு.: மாமா, நான்தான் உங்க மருமகள். கவரை ஒட்டி போஸ்ட் பண்ணச் சொல்லி அப்பா என்கிட்ட குடுத்தார். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். எனக்குக் கை நல்லா இருக்கு. நோட்டு எழுதுறது அப்பாதான்னு விளையாட்டு டீச்சர்கிட்ட நான் போன மாசமே சொல்லிட்டேன். டீச்சர் திட்டலை. அவங்களுக்கு முதல் வாரமே தெரியுமாம். எங்க கிளாஸ்ல நிறைய நோட்டு அப்பாங்க எழுதுறதுதானாம். என்னை தினமும் ஸ்கூல்லயே தொங்க வச்சாங்க. நான் நிஜமா இருபத்திரண்டு செகண்ட் தொங்குவேன். இப்ப என் எழுத்தும் கொஞ்சம் நேரா நிக்குது, இதைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை கம்பியில தொங்கப் போறது நாங்க இல்ல, அப்பாங்க. அவங்கதானே நோட்டுல பண்ணினாங்க. முதல்ல எங்க அப்பா, அப்புறம் எதிர்வீட்டு அங்கிள். இது சர்ப்ரைஸ், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மாவுக்குத் தெரியும், அம்மா லீவு போட்டுட்டாங்க. அப்பா என்கூட விளையாட கிரவுண்டுக்கு வர்றது இதுதான் முதல் தடவை மாமா, அதனால சர்டிபிகேட் அனுப்பாதீங்க. நீங்க நேர்லயே வாங்க. எலும்பு டாக்டர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க.