முந்நூற்றுப் பத்துச் சர்க்கரைக்கு யார் பொறுப்பு?

பாசத்துக்குரிய மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான் தலையணை இல்லாமல் உட்கார்ந்து எழுதும் அளவுக்கு நலம். அங்கே உங்கள் நலமும் உங்கள் முதுகுவலியின் நலமும் அறிய ஆவல்.

உங்கள் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் உங்கள்மேல் பழி போட்டு எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி பேசாத வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான். நடந்ததை விளக்கி உங்களை வரவழைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

ரத்தத்தில் கிருமி பரவித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது எனக்கு அது ஆஸ்பத்திரி என்றே தெரியாது. முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவனல்லவா, கட்டில் மெல்ல மேலே போவதாகவே பட்டது. எட்டாவது மாடி, ஒன்பதாவது மாடி, அதற்குமேல் வெறும் மேகம். ஒவ்வொரு மேகத்திலும் ஒரு வெள்ளைக்கோட்டுக்காரர் ஏறி, "கீழ போகுதா?" என்று கேட்கிறார், நான் "மேலதான்" என்கிறேன், அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் உங்கள் அக்காவிடம், வைட்டமின் சி-யை அதிக அளவில் ஆறு மணிக்கொரு தரம் நரம்பில் ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது, பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர், பாட்டில் உறை போட்டு வருவதால் யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது, பலன் உண்டா என்பதும் தெரியாது என்று சொல்ல, "ஏதோ ஒண்ணை ஏத்துங்க டாக்டர்" என்று இவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள், எப்போது வந்தாலும் எனக்கு மிட்டாய் கொண்டுவரும் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போன பத்தாவது நிமிடம், நர்ஸம்மா என் விரலில் குத்திச் சின்னக் கருவியில் சர்க்கரை பார்த்தால் முந்நூற்றுப் பத்து! இன்சுலினை ஊசியில் எடுத்தும் ஆயிற்று. அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கையை நிறுத்திவிட்டு, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதற்குள் உங்கள் அக்கா வெளியே ஓடி, "அவர் வாயில இனிப்ப வச்சியாடா? கொல்லவா வந்தே?" என்று கத்தியதும், "நான் வாயில எதுவும் வைக்கலக்கா" என்று நீங்கள் முகம் வாடிச் சொன்னதும் மேகத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

லேபில் வந்தது நூற்றுப் பத்துதான். அந்த இன்சுலின் ஏறியிருந்தால் நான் மேகத்திலேயே தங்கியிருப்பேன். வைட்டமின் சி நிறைய ஏறினால் அந்தச் சின்னக் கருவி அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடுமாம். "அப்படியும் இருக்கலாம்" என்றார் டாக்டர். இருக்கலாம் என்ன, அதேதான்! குற்றவாளி வைட்டமின், நீங்கள் பத்தரைமாற்றுத் தங்கம். கோபத்தை விட்டுவிட்டு வந்து சேருங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
கீழே இறங்கி வந்துவிட்ட அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆராய்ச்சிக்காரர்களின் கடிதம் வந்தது. எனக்கு ஏறியது வெறும் உப்புத்தண்ணீராம். டாக்டரை போனில் பிடித்தேன். "விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தாலும் கருவி அப்படிக் காட்டும்" என்றார். உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு முழிக்காத மனுஷன் கையில மிட்டாய வச்சு மூடிட்டுப் போயிருக்கான் கிறுக்கன். உடனே வரச் சொல்லுங்க, நேர்ல திட்டணும்" என்றாள்.