சர்க்கரைப் பொங்கலும் வாரிசுச் சான்றிதழும்

கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்ய முன்அனுமதி வேண்டும். நல்ல விதிதான். அண்டா சுத்தமா, தண்ணீர் நல்ல தண்ணீரா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும்? அண்டாவைப் பார்த்து முடித்த கையோடு, சாப்பிட வருகிறவரையும் பார்த்துவிடலாமே என்று மேலிடத்தில் ஒருவருக்குத் தோன்றிவிட்டது. அங்கிருந்துதான் வந்தது வினை.

பக்கத்திலிருந்த வேங்கிக்காலில் 'எதிர்கால உடல் எடை முன்னறிவிப்புப் பிரிவு' திறக்கப்பட்டது. தனி அலுவலராக வந்தவர் புகழேந்தி. அறைக்குள் முதலில் அவர் வயிறு வரும். சற்றுப் பொறுத்து அவர் வருவார்.

திட்டம் எளிமையானது. பாதையில் சாப்பிட விரும்புகிறவர்கள் ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். அதிலுள்ள மரபணுவில் லட்சக்கணக்கான இடங்களைப் பார்த்து, துளித்துளியாக மதிப்பெண் போட்டு, கூட்டினால், ஒருவர் பிற்காலத்தில் எவ்வளவு குண்டாவார் என்று தெரிந்துவிடுமாம். மதிப்பெண் கம்மி என்றால் பச்சை அட்டை. சர்க்கரைப் பொங்கல் உண்டு. நடுத்தரம் என்றால் மஞ்சள். அரைத் தொன்னை எலுமிச்சை சாதம். ஜாஸ்தி என்றால் சிவப்பு. ஒரு டம்ளர் நீர்மோர், கூடவே ஓர் அறிவுரைப் பிரசுரம்.

ஊரே ஆர்வமாகத் துப்பியது. அரசு அலுவலகத்தைத் தேடிப் போய்த் துப்புமாறு அரசாங்கமே கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

புகழேந்திக்குப் பச்சை வந்தது. மதிப்பெண்படி அவர் மெலிந்த உடல்வாகு உள்ளவர். அன்றிலிருந்து அண்டாக்களை ஆய்வு செய்யப் போகும்போதெல்லாம் மனசாட்சி உறுத்தாமல் இரண்டு தொன்னை சாப்பிட்டார்.

சடையனுக்குச் சிவப்பு வந்தது.

சடையன் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். அப்பா போனதும் அண்ணன் இருசப்பன் நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டான். இவன் ஒரு துண்டோடு கிளம்பி வந்து கிரிவலப் பாதையில் தங்கிவிட்டான். எறிந்த தொன்னைகளைப் பொறுக்கிப் பாதையைச் சுத்தமாக வைத்திருப்பான்; யார் அண்டாவில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுவான். வேறு சாப்பாடு அவனுக்குக் கிடையாது. காற்றடித்தால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொள்கிற உடம்பு.

அன்றைக்கு அவன் தங்கம்மாளின் அண்டா முன்னால் போய் நின்றான். தங்கம்மாள் தினமும் பொங்கல் போடுகிறவர். அட்டையைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இன்னாடா சடையா இது? செவப்பு போட்டிருக்காங்க?"

"நான் குண்டாயிடுவேனாம்க்கா."

"எப்போ?"

"அதச் சொல்லல."

"அப்ப குண்டான பிற்பாடு வா, மோர் தரேன். இப்ப பொங்கல் துன்னு" என்று கரண்டியைச் சாய்க்கப் போனார். பக்கத்தில் நின்ற பிரிவு ஊழியர் இருமினார். போன வாரம்தான், ஒரு மஞ்சளுக்கு முழுத் தொன்னை கொடுத்ததற்காக இன்னொருவரின் அண்டாவுக்குச் சீல் வைத்திருந்தார்கள். தங்கம்மாள் மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு மோரை ஊற்றினார்.

நாலு நாள் மோரிலேயே ஓடியது. அதற்கப்புறம் சடையன் வேங்கிக்காலுக்கு நடந்தான்.

"சார், என்னப் பாருங்க. நானா குண்டு?"

புகழேந்தி பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தாறு. ரொம்ப ஜாஸ்தி."

"ஒரு தபா எடை மெஷின்ல நிக்க வெச்சுப் பாருங்க சார்."

"எடை மெஷின் இன்னிக்கு நிலவரத்தத்தான் காட்டும். இங்க தொலைநோக்கு."

"இந்தக் கணக்கு யார வெச்சு சார் போட்டாங்க? நம்மாளுங்களயா?"

"இல்ல. பனி பெய்யற ஊர்ல, அந்த ஊர்க்காரங்கள வெச்சுப் போட்டது."

"அவங்க பொங்கல் துன்னுவாங்களா?"

"கண்ணாலகூடப் பாத்ததில்ல. அதனாலதான் பொங்கல் விஷயத்துல அவங்க நடுநிலையானவங்க."

சடையன் பசியில் மேசையைப் பிடித்துக்கொண்டான். புகழேந்தி கெட்ட மனுஷன் இல்லை. வழி ஒன்று சொன்னார்.

"மேல்முறையீடு பண்ணலாம். ஆனா மரபணு அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்றது. நிலமோ, கொழுப்போ, அவங்ககிட்டேர்ந்து வந்ததா இருந்தா நீங்க வாரிசுன்னு சான்றிதழ் வேணும். கொண்டாங்க, பாத்துக்கலாம்."

சடையன் பிறந்த ஊருக்குப் போனான். அங்கே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். நிலத்தை எழுதிக்கொண்ட அன்றைக்கே இருசப்பன் முறையாகச் சொல்லி வைத்திருந்தான்: அப்பாவுக்கு ஒரே வாரிசு, அது இருசப்பன். எனவே சடையன் என்பவர் மேற்படியாருக்கு வாரிசு அல்ல என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அவன் அழுதுகொண்டே அதைக் கொண்டுவந்து நீட்டினான். புகழேந்தி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும் படித்தார். பிறகு எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பது சாதாரண விஷயமில்லை.

"வாரிசு இல்லன்னா, உங்க அப்பாகிட்டேர்ந்து உங்களுக்கு ஒண்ணும் வரல."

"ஒண்ணுமே வரல சார்."

"மரபணுவும் வரல. அப்ப மதிப்பெண் பூஜ்யம்."

பச்சை அட்டை கிடைத்தது. அன்று மத்தியானம் சடையன் மூன்று தொன்னை பொங்கல் சாப்பிட்டான். தங்கம்மாள் நாலாவதையும் வைத்தார்.

சேதி பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனது. அங்கே இருசப்பன் வீட்டில் அப்போது பெரிய துக்கம். மகள் கவியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் தறுவாயில் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு மதிப்பெண்ணும் கேட்டார்கள். இப்போது அதுதான் நாகரிகம். பத்துப் பொருத்தம் போய்ப் பதினோராவது பொருத்தம் பார்க்கிறார்கள். கவியாவுக்கு வந்தது சிவப்பு.

"பொண்ணு இப்ப ஒல்லிதான், தெரியுது. ஆனா நாங்க வருங்காலத்தப் பாக்கறவங்க" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். தட்டிலிருந்த பஜ்ஜியை முடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் பச்சை.

இருசப்பன் அன்றிரவே யோசித்து முடித்தான். அப்பன் வாங்காததை மகள் எங்கிருந்து வாங்குவாள்? மறுநாள் வேங்கிக்காலுக்குப் போய், தானும் தன் அப்பாவுக்கு வாரிசு அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கவியாவுக்குப் பச்சை வந்தது. பஜ்ஜி சாப்பிட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? பள்ளிக்கூட வாத்தியார், லாட்ஜ் முதலாளி, ஆட்டோக்காரர், அரிசி மண்டிக்காரர் எல்லோரும் வரிசையில் நின்று பெற்றோரைக் கைகழுவினார்கள். அப்பா படத்துக்குக் காலையில் பூப்போட்டுவிட்டு, பத்து மணிக்கு வேங்கிக்காலுக்குப் போய், அவர் யாரென்றே தெரியாது என்று கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு வந்திருந்தது மஞ்சள்; அரைத் தொன்னை எலுமிச்சை சாதம் போதவில்லை. நானும் போட்டேன். எல்லார் கையிலும் பச்சை. சிவப்பு அட்டையே இல்லாத முதல் ஊர் என்று புகழேந்திக்குக் கேடயம் கொடுத்தார்கள். பருமன் ஒழிக்கப்பட்டதாக அறிக்கை சொன்னது.

அடுத்த மாதம் இன்னோர் அறிவிப்பு வந்தது. வாரிசு இல்லாத வீடு, நிலம், மனை அனைத்தும் விதிப்படி அரசாங்கத்தைச் சேரும். ஆதாரம்: சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே மனமுவந்து எழுதிக் கொடுத்த உறுதிமொழிகள். பிரிவுக்குச் சொந்தக் கட்டடம் கட்ட உடனடியாக இடம் தேர்வானது. நல்ல நஞ்சை நிலம். இருசப்பனுடையது.

போன பௌர்ணமியன்று தங்கம்மாளின் அண்டா முன்னால் ஊரே நின்றது. ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க ஒருவருக்கும் வீடு இல்லை. சடையன்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினான், அனுபவசாலி.

"தள்ளாதீங்க சார், எல்லாம் பச்சதான்!"

கடைசித் தொன்னை அவனுக்கு விழுந்தபோது அண்டா காலி. அவனுக்குப் பின்னால் இருசப்பன் தலையைக் குனிந்தபடி காலித் தொன்னையோடு நின்றான். சடையன் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் பொங்கலில் பாதியை அண்ணன் தொன்னையில் கவிழ்த்தான்.

அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்த தங்கம்மாள் நிமிர்ந்தார். "யார்ரா இது? மூஞ்சி உன்ன மாதிரியே கீது. சொந்தமா?"

சடையன் ஒரு வாய் பொங்கலை நிதானமாக மென்று விழுங்கினான்.

"சர்ட்டிபிகேட் பிரகாரம் இல்லக்கா."