குனியாமல் ஏறும் வண்டி

சேசு மரி சூசை

கொடைக்கானல்,
பங்குனி மாதம், 1983

திண்டுக்கல் பூட்டுக்கடை மச்சான் கஸ்பார் அவர்களுக்கு, தங்கை புருஷன் இருதயசாமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை செல்வமேரியும், நாங்கள் தட்டித் தட்டித் தூசி எடுக்கும் ஊரார் கம்பளங்களும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே அத்தாச்சியும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நிற்க. செல்வமேரிக்காகப் பின்னறையைக் காலி செய்து வைத்திருப்பதாகக் கார்டு போட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள் மச்சான். வருசப் பிறப்பன்று பூசை முடிந்து வந்ததும் அவள், "வர்ற சீசனுக்குள்ள நான் குனியாம ஏறுற மாதிரி ஒரு வண்டி வரணும். இல்லேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். பங்களா பங்களாவா ஏணியையும் வாளியையும் சுமந்து என் முழங்கால் போச்சு" என்று சொன்னது வாஸ்தவம்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாமல் நான் என்ன கிளீனிங் பண்ணுவேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் நின்று, "அம்மா, சுத்தம் பண்ண வந்திருக்கோம்" என்று சொல்வது மட்டும்தான்.

ஆகவே தரகர் ஒருவரின் காரில் பழைய வண்டி தேடிப் புறப்பட்டோம். பள்ளங்கியில் உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் ஜீப் காட்டினார். எஞ்சின் சத்தம் கேட்டு நான் சொக்கிப் போனேன். இவளோ, "இதுல ஏற ஏணி வேணும். ஏணியத் தூக்கி வண்டி மேல கட்டிட்டா நான் எதுல ஏறுறது?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டாள். வத்தலக்குண்டில் ஒரு பழைய ஆம்புலன்ஸ். டயரெல்லாம் புதுசு. உள்ளே தலை இடித்தது. "படுத்துக்கிட்டுப் போறவங்களுக்குச் செஞ்ச வண்டி இது. நான் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். தரகர் அடுத்த ஊருக்குக் காரைத் திருப்பினார். எனக்கு அவள் பேச்சு பழகிப்போன விஷயம்.

கடைசியில் பழனியில் நாச்சிமுத்து என்பவரின் பஞ்சாமிர்தக் கடை வண்டி. உயரமான கூண்டு, தாழ்ந்த படி, தள்ளுகதவு. நான் பானட்டைத் திறந்து பெரிய மெக்கானிக் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் கடைக் குழாயில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள், உள்ளே நிமிர்ந்து நடந்தாள், திரும்பினாள், இறங்கினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "இதாங்க" என்றாள். நாச்சிமுத்து அசந்துவிட்டார்: "எத்தனையோ பேர் வந்து பாத்தாங்க, எல்லாரும் டயர உதைச்சுட்டுப் போயிட்டாங்க. ஏறி நின்னு பாத்தது இந்த அம்மா மட்டும்தாங்க." உங்கள் தங்கை, மச்சான், தங்கை!

வண்டியின் பக்கத்தில் முருகன் மயிலோடு ஆளுயரத்துக்கு நிற்கிறார். பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏங்க, அவுக சாமியவா அழிக்கப் போறீங்க? அவரும் மலைமேல இருக்கறவரு, நாமளும் மலைமேல இருக்கறவுங்க. வந்துட்டுப் போகட்டும்" என்றாள் இவள். அதனால் முருகனும் வந்தார், வண்டி ஓட்ட நான் அமர்த்திய டிரைவர் வேலுமணியும் வந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பாதயாத்திரைக் கூட்டம் வண்டியை மறித்து, பஞ்சாமிர்தத்துக்குக் கைநீட்டி வரிசையில் நின்றுவிட்டது. "நாங்க கிளீனிங்குங்க" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இவள் படியில் நின்று, எனக்குக் கட்டி வந்திருந்த புளிச்சோற்றை ஆளுக்கு ஒரு கவளமாகக் கொடுத்துவிட்டாள். அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் பெருமாள்மலை வரை பட்டினி.

அதோடு போயிற்றா? வட்டக்கானலில் இசபெல்லா டீச்சரம்மா பங்களாதான் முதல் சோலி. கம்பளத்தை வண்டியில் ஏற்றிப் போய்த் தட்டி, திருப்பிக் கொண்டுவந்து விரித்தால், அதில் எறும்பு ஊர்வலம் போகிறது. வண்டிப் பலகைக்கு அடியில் வருசக்கணக்கில் பஞ்சாமிர்தச் சர்க்கரைப் பாகு ஊறிக் கிடந்திருக்கிறது! "அழுக்க எடுக்க வந்தீங்களா, எறும்பக் குடிவைக்க வந்தீங்களா?" என்று டீச்சரம்மா சத்தம் போட்டார். இவள் பலகைகளைப் பெயர்த்து, வெந்நீரும் சோடாவும் ஊற்றித் தேய்த்து, வண்டியைப் பொழுது சாய்வதற்குள் பளிங்காக்கிவிட்டாள். கம்பளத்தையும் எறும்பில்லாமல் விரித்துக் கொடுத்தாள். டீச்சரம்மா தமக்கைமாரின் பங்களாச் சாவிகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

ஆக, வண்டி வந்தாயிற்று. குனியாமல் ஏறுகிறாள். அண்ணன் வீடு என்ற பேச்சே இல்லை. நீங்கள் பின்னறையில் பழையபடி பூட்டுகளை அடுக்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டார் எல்லோருக்கும் மாதா நிழல் நீங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கியிருக்கும்
இருதயசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஹாரன். செல்வமேரி புதுச் சேலையில், டிரைவர் வேலுமணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்கிறாள். "அதான் வண்டி வந்துருச்சேடி!" என்று கத்தினேன். "வந்ததாலதாங்க போறேன். பஸ் படில கால் தூக்கி வைக்க முடியாமத்தானே மூணு வருசமா எங்கண்ணன் மொகத்தப் பாக்காமக் கெடந்தேன்" என்றாள். மூணு வருசமாக நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை மச்சான். வெட்கமாக இருக்கிறது. அவள் வரமாட்டாள் என்று எழுதிய இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். பின்னறையைத் திறந்து வையுங்கள். வெரசா அனுப்பிவிடாதீர்கள், கம்பளங்களை நான் தட்டிக்கொள்கிறேன்.