கொக்கோ மரத்துக்குத் தைத்த காய்கள்

எப்பேர்ப்பட்ட மனிதரின் இடுப்பையும் அஞ்சாமல் அளக்கிற அந்தத் தையற்காரருக்கு, வீட்டுக் கொல்லையில் நின்ற கொக்கோ மரத்தைத் தொட மட்டும் பயம். மரம் மனைவியுடையது; மனைவியோ தாவரவியல் ஆசிரியை. ஐந்து மாதப் பயிற்சிக்காக வெளியூர் புறப்பட்ட காலையில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுட்டிக்காட்டினார்.

"அடிமரத்துல ஒட்டியிருந்த பூவெல்லாம் பிஞ்சு விட்டிருக்கு. முப்பத்தாறு. எண்ணி வச்சிருக்கேன்."

"கவலைப்படாதே. என் உசிரைக் குடுத்தாவது..."

"உசிரை நீங்களே வச்சுக்குங்க. பிஞ்சு பத்திரம். எந்த ஞாயித்துக்கிழமை வேணும்னாலும் சொல்லாம வந்து நிப்பேன்."

மூன்றாம் வாரம் ஒரு பிஞ்சு மஞ்சளித்து, கருத்து, மரத்திலேயே சுருங்கித் தொங்கியது. பதறிப்போய்க் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மேலும் ஆறு கருகின. தண்ணீரை நிறுத்தினார், எட்டு. கையெடுத்துக் கும்பிட்டார், பத்து. ஆக இருபத்தைந்து கொலைகள்! சடலங்களைப் பறித்துப் புதைத்த கையோடு தொலைபேசி ஒலித்தது.

"பிஞ்செல்லாம் எப்படிங்க இருக்கு?"

"முப்பத்தாறும் பத்திரம்!"

"முப்பத்தாறுமா?"

"ஒண்ணுகூடக் குறையல."

"அடேயப்பா! இந்நேரம் விரல் நீளம் வந்திருக்கணுமே. மேல பத்து வரி ஓடும், கவனிச்சீங்களா?"

"குறிச்சுக்கிட்டேன்... இல்ல, கவனிச்சுக்கிட்டேன்!"

அன்று பிற்பகலே பச்சைத் துணியை வெட்டினார். உள்ளே பஞ்சு, மேலே பத்து வரித் தையல். இருபத்தைந்து காய்களும் அடிமரத்தில் ஏறின. ஆனால் காய் என்றால் வளர வேண்டுமே! மாதந்தோறும் மனைவி நீளம் சொல்லச் சொல்ல, பழையதை அவிழ்த்துவிட்டுப் பெரியதைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை வாசற்கதவு கிறீச்சிட்டாலே ஓடிப்போய்க் காய்களை மறைத்தபடி நின்றார். மழை வந்தால் குடையோடு மரத்தடிக்கு ஓடினார்.

"என்ன சார், மரத்துக்குச் சளியா?" என்றார் மதிலுக்கு மேலே தலையை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரர்.

"இளசு பாருங்க, தாங்காது."

"பழுக்க ஆரம்பிச்சா வரிப்பள்ளத்துலதான் முதல்ல மஞ்சள் ஓடும்" என்றது தொலைபேசி. மஞ்சள் நூல் வாங்கப் பறந்தார். கடைசியில் எல்லாமே மஞ்சள் துணி.

ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிறு, கதவு உண்மையாகவே திறந்தது. ஆசிரியை நேரே மரத்தடிக்குப் போய் ஒரு காயை அமுக்கினார். அது மெத்தென்று அமுங்கியது. தையற்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிடு! இருபத்தஞ்சையும் நான்தான் கொன்னுட்டேன்."

"நீங்க எங்க கொன்னீங்க? தாங்குற அளவுக்கு வச்சுக்கிட்டு, மிச்சத்தை மரமே பிஞ்சுல கருக்கிடும். வருஷா வருஷம் நடக்கிறதுதான். முப்பத்தாறும் பத்திரம்னு சொன்னீங்களே, அன்னைக்கே உங்க பொய் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாசாமாசம் அளவு சொன்னே?"

"ஆமா. வரியைக் குறிச்சுக்கிட்டேன்னு உளறினப்பவே தைக்கப்போறீங்கன்னு புரிஞ்சுபோச்சு. அவிழ்த்துப் போட்ட சின்னதெல்லாம் எங்க?"

"மெஷின் டிராயர்ல... எதுக்கு?"

"நாளைக்கு வகுப்புல பிஞ்சுல இருந்து பழம் வரைக்கும் வரிசையா அடுக்கணும். பூ ஒண்ணுதான் குறையுது. அஞ்சு இதழ், நகத்தளவு. சாப்பிட உட்காருறதுக்கு முன்னாடி தச்சுடுங்க."