விருந்தினர் குனியாத நாற்காலி

சக்கர நாற்காலித் தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் கால்கள் நன்றாக இருந்தன. அப்படி இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. குழுவின் அறை மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது, ஆகவே அந்தத் தகுதி தானாக அமைந்துவிட்டது.

தலைவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், கதை போகிற போக்கில் நீங்கள் மறந்துவிடக்கூடும். அவருக்கு அடுத்தபடி செயலாளர் அம்மா. மருத்துவ அறிவும் வேண்டுமே என்று ஒரு டாக்டரைச் சேர்த்திருந்தார்கள். பல் டாக்டர். கணக்கு அதிகாரி ஒருவர், கூட்டம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் விழிப்பார். ஐந்தாவது ஆள்தான் முக்கியம். அவர் பட ஆலோசகர். இப்போதெல்லாம் எந்த அலுவலகமும் பட ஆலோசகர் இல்லாமல் நடப்பதில்லை. ஒரு பொருளைக் கொடுப்பது பெரிதல்ல, கொடுக்கும்போது படம் எப்படி விழுகிறது என்பதே பெரிது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கிற அக்காவுக்குப் புது நாற்காலி தேவைப்பட்டது. கடை என்பது அவர் வீட்டு முன்னறை. அதற்குப் பின்னால் குறுகலான நடை, நடையின் கோடியில் குளியலறை. பழைய நாற்காலி அந்த வாசலில் இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் முன்சக்கரம் உடைந்தது. அந்த அளவுச் சக்கரம் இப்போது வருவதில்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். புது நாற்காலி துறை வழியாகத்தான் கிடைக்கும்.

அக்காவின் கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போனால் பிற்பகல்தான் வீடு திரும்புவார். மனைவியைத் தூக்கிக்கொண்டு போகக் கையில் பலம் உண்டு, ஆனால் அந்தக் கை பாதிப் பகல் மாவில் இருந்தது. ஆகவே அக்கா காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். யாராவது காபி வாங்கி வந்தால், "இப்பதான் குடிச்சேன்" என்பார். உதடு வெடித்திருக்கும், ஊசியில் நூல் கோக்க நாக்கில் ஈரம் இருக்காது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் குளியலறை விஷயத்தை யார் வாய்விட்டுப் பேசுவது?

பழைய நாற்காலியைப் பழுது பார்த்தாவது கொடுங்கள் என்று அக்கா முதலில் துறையில் கேட்டார். பழுது பார்த்தல் வேறு துறை என்று பதில் வந்தது. அந்தத் துறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது இன்னும் தொடங்கப்படவில்லை என்று பணிவுடன் தெரிவித்தார்கள்.

பிறகு ஒருநாள், பயனாளியின் கருத்தையும் கேட்பது என்ற புது நாகரிகம் துறைக்கு வந்து சேர்ந்தது. மாதிரி நாற்காலிகளைப் பார்வையிட அக்காவை அழைத்தார்கள். கணவர் லீவு போட்டு, அவரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். வாசலில் அவர் மூச்சு வாங்க நின்றதைத் தலைவர் பார்த்தார்.

"பாத்தீங்களா, மனசு வெச்சா எல்லாரும் மேல வரலாம்" என்று செயலாளர் அம்மாவிடம் சொன்னார்.

அறையின் மூலையில் சின்னதாக ஒரு நாற்காலி இருந்தது. அக்கா கழுத்தில் எப்போதும் தொங்கும் நாடாவை எடுத்து அதன் அகலத்தைப் பார்த்தார். பிறகு அதில் உட்காரவைக்கச் சொன்னார். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, தூங்கிக்கொண்டிருந்த கணக்கு அதிகாரியின் கால்மேல் ஏறாமல் வளைந்து, தலைவர் முன்னால் வந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இது போதும் சார். எங்க வீட்டு வாசல்ல போகும்."

தலைவர் பட ஆலோசகரைப் பார்த்தார். பட ஆலோசகர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"தாழ்வா இருக்கு சார். சாவி குடுக்கற சிறப்பு விருந்தினர் குனிய வேண்டி வரும். குனிஞ்சா வழுக்கை தெரியும்."

"சக்கர நாற்காலிக்குச் சாவி கிடையாதே" என்றார் பல் டாக்டர்.

"அட்டையில பெரிசா ஒண்ணு செஞ்சு குடுப்போம் டாக்டர். இல்லன்னா எதைக் குடுக்கறார்னு படத்துல எப்படித் தெரியும்?"

"விருந்தினர் யாரு?" என்று கேட்டார் செயலாளர் அம்மா.

"இன்னும் முடிவாகல மேடம். யாரா இருந்தாலும் குனிய மாட்டார்."

இது நியாயமாகப் பட்டது. அதோடு, சின்ன நாற்காலியின் முதுகில் இடமில்லை. துறையின் பெயர், நன்கொடையாளர் பெயர், திட்டத்தின் பெயர் எல்லாம் ஒரே வரியில் வர வேண்டும். திட்டத்தின் பெயர் 'எல்லோரும் எங்கும் தடையின்றி'. அந்த வரி கொள்ளும் அகலத்துக்குச் செய்திருந்த பெரிய நாற்காலியை நடுவில் இழுத்துவந்தார்கள். கணவர் அக்காவைத் தூக்கி அதில் வைத்தார். விருந்தினர் குனியாத உயரம் என்பதால் அக்காவின் பாதம் அந்தரத்தில் ஆடியது.

"கால் தொங்குது சார்."

பல் டாக்டர் எழுந்து வந்து, "வாயைத் தொறங்க" என்றார். பிறகு, "மன்னிச்சுக்குங்க, பழக்கதோஷம்" என்று திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"உக்கார உக்காரப் பழகிடும்" என்றார் செயலாளர் அம்மா.

அக்கா தலையைக் குனிந்து நாடாவைச் சுருட்டினார். காரணம் எனக்குத் தெரியும். அக்குள் பிடிக்கிறது, இடுப்பு இறுக்குகிறது என்று யார் போய் நின்றாலும், "போடப் போடப் பழகிடும்" என்று சட்டையை மடித்துக் கையில் கொடுத்தனுப்புகிறவர் அவர். எனக்கே சொல்லியிருக்கிறார்.

"இது எங்க வாசல்ல நுழையாது சார்" என்றார் கடைசியில்.

"வாசல் நம்ம துறை இல்ல" என்றார் கணக்கு அதிகாரி, கண்ணைத் திறக்காமலே.

தலைவருக்கு இரக்கம் பிறந்தது. நான்தான் சொன்னேனே, நல்ல மனிதர். "கவலைப்படாதீங்கம்மா. முடிவு பண்றதுக்கு முன்னாடி பொதுக்கூட்டம் போடுவோம். ஆட்சேபம் இருந்தா கையைத் தூக்குங்க. ஒரே ஒரு கை மேல வந்தாலும் போதும், இந்தச் சின்ன நாற்காலியையே எடுத்துக்கலாம். ஆனா கையைத்தான் தூக்கணும். வாயால சொல்றது கணக்குல வராது."

"ஏன் சார்?"

"வாயால சொல்றது படத்துல தெரியாதே" என்றார் பட ஆலோசகர். அவரே தொடர்ந்து, "கூட்டத்துக்கு நாம அஞ்சு பேரும் ஒரே மாதிரி கோட்டு போட்டா எடுப்பா இருக்கும். இந்த அம்மாவே தைக்கட்டுமே. பயனாளிக்கு வேலைவாய்ப்புன்னு ஒரு வரி சேத்துக்கலாம்" என்றார்.

அக்கா நாடாவை எடுத்தார். "ஒவ்வொருத்தரா வந்து நில்லுங்க. அளவெடுக்கணும்."

"ஆளுக்கு ஒரு அளவா?" தலைவர் திடுக்கிட்டார். "அது பாரபட்சம் ஆயிடும். நாற்காலி எல்லாருக்கும் ஒரே அளவுதானே, கோட்டும் அப்படியே இருக்கட்டும். அஞ்சு பேர் அளவையும் கூட்டி அஞ்சால வகுங்க. சராசரி எல்லாருக்கும் பொருந்தும்."

கணக்கு அதிகாரி தண்ணீர்த் தொட்டி மாதிரி இருப்பார். பட ஆலோசகர் துடைப்பக்குச்சி. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையே தூக்க முடியாது சார்."

"பழகிடும்மா."

மாடிப்படி இறங்கும்போது கணவரின் தோளில் இருந்தபடி அக்கா சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றார் கணவர்.

"சொன்ன மாதிரியே தைக்கப்போறேங்க. தோள்பட்டை பிடிச்சு இழுத்தா, அளவுன்னா என்னன்னு அப்பவாவது உறைக்கும்ல."

உறைத்திருக்க வேண்டும். உலக நியதி அதுதான். ஐந்து பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். பருத்தவருக்கு அக்குள் பிடித்தது, ஒல்லியானவருக்கு அக்குள் இடுப்புவரை இறங்கிக் கையைக் கட்டிப்போட்டது; ஐந்து பேரின் கையும் மார்புக்கு மேலே எழவில்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் விறைப்பாக நின்றார்கள். பட ஆலோசகர் அந்த நிலையில் எடுத்த படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"கை ஆடல, தோள் அசையல. என்ன ஒரு பொறுப்பு தெரியுது பாருங்க சார் எல்லார் முகத்துலயும்" என்றார்.

படம் ஊர் முழுக்கப் போனது. தலைவரால் தலை சீவ முடியவில்லை, மனைவிதான் சீவிவிட்டார். இதனால் குடும்பத்தில் அன்பு வளர்ந்திருப்பதாக அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? வங்கி ஊழியர்கள் அதே கோட்டைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் போட்டார்கள், கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் பாடம் நடந்தது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க ஆளில்லை, வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு மரியாதையாகப் பயணம் செய்தோம். அதற்கு 'நேர்த்தோள் கோட்டு' என்று பெயரும் வந்துவிட்டது.

அக்கா கடையில் கூட்டம் தாங்கவில்லை. முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "நில்லுங்க, உங்க அளவை எடுத்துத் தைக்கறேன்" என்று நாடாவை நீட்டுவார்.

"எங்க அளவு எதுக்குக்கா? தலைவர் போட்ட அதே அளவுல தைங்க" என்று எல்லோரும் பின்வாங்குவார்கள்.

சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. தொண்டை வேறு காய்ந்திருந்தது. நாடா கழுத்திலேயே கிடந்தது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையில் நாலு காசு வந்ததும் குளியலறை வாசலை இடித்து அகலமாக்கலாமா என்று கணவர் யோசனை சொன்னார். வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கவே சம்மதிக்காத வீட்டுக்காரர் அவர். இதற்கிடையில் வாடிக்கையாளர் ஒருவர், "என்னக்கா, தைக்கிற நீங்களே போடலியே?" என்று கேட்டுவிட்டார். வியாபாரத்துக்கு அழகில்லையே என்று, மிச்சத் துணியில் அக்கா தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். தன் அளவுக்குத் தைத்தால் அச்சு அசலாக வராது என்று அதையும் தலைவர் அளவிலேயே தைத்தார்.

பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்குக் கண்டிப்பா வாங்க. ஆட்சேபம்னு கேக்கறப்ப கையைத் தூக்குங்க. ஒரு கை போதும்னு அவரே சொல்லியிருக்கார். எனக்குக் காலையில ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும், அவ்வளவுதான்."

அன்றுதான் அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். ஒரு கை என்ன, இரண்டு கையையும் தூக்குகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

கூட்டம் கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. பெரிய நாற்காலி வாசலில் நுழையாததால் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். விழா என்றால் எல்லாத் துறையும் ஒத்துழைக்கும். கணவர் அக்காவைத் தூக்கி மேடையில் அந்த நாற்காலியில் வைத்துவிட்டு, மாவு புளித்துவிடும் என்று ரொட்டிக்கடைக்கு ஓடினார். முடிவாகாதிருந்த விருந்தினர் முடிவாகி வந்து, குனியாமல் அட்டைச் சாவியைக் கொடுத்தார். தெருவே திரண்டு வந்திருந்தது. பொதுக்கூட்டமாயிற்றே, எல்லோரும் நல்ல உடையில் வந்திருந்தோம்.

"ஆட்சேபம் உள்ளவர்கள் கையைத் தூக்கலாம்" என்றார் தலைவர்.

மேடையில் அக்காவின் கை எழுந்தது. மார்பு வரை வந்து நின்றுவிட்டது. இன்னொரு கையையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார், அதுவும் அங்கேயே நின்றது. எங்களைப் பார்த்தார். நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. சத்தியமாக முக்கி முனகி முயன்றோம். தையல் உறுதியான தையல், பிரியவில்லை. கழற்றிவிட்டுத் தூக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கோட்டைக் கழற்ற வீட்டில் இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டும், எல்லோர் கையும் மார்போடு நிற்கும்போது யார் யாரை இழுப்பது?

"சார், எனக்கு ஆட்சேபம் சார்" என்றார் அக்கா.

"கையைத் தூக்குங்கம்மா" என்றார் தலைவர் அன்பாக. உண்மையாகவே காத்திருந்தார்.

பட ஆலோசகர் படம் எடுத்தார். அது இப்போதும் அந்த அலுவலகச் சுவரில் பெரிதாக இருக்கிறது. கூடம் முழுக்க நாங்கள் இரு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்து, கண்கலங்க, குழுவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். ஆட்சேபம் ஏதுமின்றி ஏகமனதாக நிறைவேறியது என்று கீழே எழுதியிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் பியூன் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். கேனை ஒரு சின்ன சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கும்பலுக்குள் யார் காலிலும் ஏற்றாமல் வளைந்து வளைந்து வந்தார். மாடியறை மூலையில் இருந்ததே, அதேதான்.

"நல்ல வண்டிம்மா. எந்தச் சந்துலயும் போகுது" என்று அக்காவிடம் சொல்லி ஒரு டம்ளரை நீட்டினார். "குடிங்க, தொண்டை காஞ்சிருக்கும்."

"வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றார் அக்கா. அவர் கண் அந்தச் சின்னச் சக்கரங்களின் மேலேயே இருந்தது. கணவர் திரும்பி வர இன்னும் வெகுநேரம் இருந்தது.

எங்களுக்கு நல்ல தாகம். கேனைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினோம்.