றஸீனின் அமிழாத ஸ்கூட்டர்

மனிதகுலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், கற்பிட்டி றஸீனின் கடலடி ஸ்கூட்டர். முதலிரண்டும் எந்த அலுவலகத்திலும் பதியப்படாமலே புழக்கத்துக்கு வந்தது வெட்கக்கேடு.

றஸீன் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. போன வருடம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் அவனுடைய இடது கால் வழங்காமல் போயிற்று. காலடித்து நீந்த முடியாதவனைக் கடலுக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? ஆகவே பழைய வான் வண்டி ஒன்றின் விசிறி மோட்டாரைத் தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, டியூப் றப்பரால் அடைத்து, பற்றரி பூட்டி, பிடித்துக்கொண்டால் ஆளைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகும் சாமானொன்றைச் செய்தான். அதன் இறக்கைகள், மனைவி அக்கீலாவின் புரியாணிச் சட்டியை வெட்டி எடுத்தவை. இனி மூன்று பாக ஆழத்துக்குக் கீழே போவதில்லை என்று சத்தியம் வாங்கிய பிறகே அவள் சட்டியை வெட்டியதை மன்னித்தாள்.

அட்டைப் பருவம் முடியப் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் இறங்காவிட்டால் அடுத்த பருவம்வரை வீட்டில் அடுப்பெரியாது.

செய்தி பரவியது. 'கடற்கல அங்கீகாரப் பிரிவு' அலுவலர் நௌஃபர், ஆறு பேர் கொண்ட குழுவோடு கரைக்கு எழுந்தருளினார்.

"மோட்டார் இரிக்கி. அப்ப இது போட்."

"போட் இல்ல சேர். இது தண்ணிக்குள்ள போற சாமான்."

"எந்தப் போட்டும் தண்ணிக்குள்ள போகப்படாது. அதுக்குத்தானே நாங்க இரிக்கிற!"

குழு கூடியது, சோடா குடித்தது, ஸ்கூட்டரைக் கடலில் விட்டுப் பார்த்தது. 'பாரதூரமான குறைபாடு' ஒன்று உடனே அம்பலமாயிற்று: அது அமிழ்ந்தது.

எல்லாப் படகுகளுக்கும் போல இதற்குள்ளும் மிதப்புக்கு ரெஜிபோம் அடைக்க வேண்டும், இரு பக்கமும் வெற்றுக் கேன் கட்ட வேண்டும், பதிவிலக்கம் கரைக்குத் தெரிய வேண்டும் என்று முடிவாயிற்று. மறுபரிசோதனைக்கு, குழுவின் பெருங்கருணையால், பதினான்காம் நாளே திகதி கிடைத்தது. றஸீன் விரல்விட்டு மிச்ச நாளை எண்ணிப் பார்த்தான். ஆனாலும் "ஓம் சேர்" என்றான்.

அந்த நாளும் வந்தது. புதுப் போட் இறக்கும் வழக்கப்படி துஆ ஓதினார்கள், பாற்சோறு பகிர்ந்தார்கள், ரிபன் வெட்டினார்கள். ஸ்கூட்டர் தக்கைபோல மிதந்து, குப்புறக் கிடந்த றஸீனைக் கடல் மேலே கம்பீரமாக இழுத்துச் சென்றது. முகக்கண்ணாடி வழியே கீழே பார்த்தான். கொழுத்த அட்டைகள் மணலில் நிம்மதியாகப் படுத்திருந்தன. அவனுக்கு அழுகை வந்தது. கரையில் கைதட்டல் ஓயவில்லை.

"அட்டை எல்லாம் கீழ கிடக்கே சேர்?" என்றான், நொண்டிக்கொண்டு கரையேறி.

"அட்டைய மேல கூப்பிட எங்களுக்கு அதிகாரம் இல்ல, தம்பி."

'எக்காரணம் கொண்டும் அமிழாது' என்ற சான்றிதழைக் கையில் கொடுத்து, நௌஃபர் படத்துக்குச் சிரித்தார்.

"பாதுகாப்புத்தான் முக்கியம், றஸீன். கடல்ல உங்களுக்கு ஒண்டு நடந்தா நாங்கதானே பதில் சொல்லணும்?"

றஸீன் நனைந்த காற்சட்டையைச் சுருட்டி, சூம்பிய காலை அவர் முன்னே நீட்டினான்.

"போன வருஷமே நடந்துட்டு சேர். சொல்லுங்க."